பனியன் சீமையில் தேன்பெட்டி

உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மோட்டார் ரூம் மூலையில் காலித் தேன்பெட்டி கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம். மூடியைத் திறந்தால் சட்டங்களில் பழைய அடை கறுத்துப் போயிருக்கும். மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் அதைக் குடைந்து, வெள்ளை நூலாம்படையாகப் பின்னி வைத்திருக்கும். கேட்டால் “ஈ ஓடிப்போச்சுங்க” என்பார் தோட்டக்காரர். ஏன் ஓடியது என்று கேட்டால் மருந்து, செல்போன் டவர், சாயத்தண்ணி என்று மூன்றில் ஒன்று பதிலாக வரும்.

மருந்தைப் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. சாயத்தண்ணி நொய்யல் கரையோரத்துக்குப் பொருந்தும். செல்போன் டவரைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் திருப்பூர் மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு காலூன்றாமல் போனதற்கு இந்த மூன்றையும்விடப் பெரிய காரணமாக எனக்குப் படுவது பனியன் கம்பெனிக் கூலி. காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனதும் இங்கே வேலி மாறியது, பயிர் மாறியது, களையெடுக்கும் விதம் மாறியது. மூன்றும் சேர்ந்து தேனீயின் இரையில் பல மாதங்களைக் காலி செய்துவிட்டன. ஓடிப்போன ஈயைத் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொங்குச் சமவெளியில் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்கும் பழக்கம் பழையதல்ல. தேன் எடுக்கும் பழக்கம்தான் பழையது. அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ கிணற்றின் கல்கட்டு இடுக்குகளிலும் மரப்பொந்துகளிலும் கறையான் புற்றுகளிலும் குடியிருந்தது. கயிறு கட்டி இறங்கி, புகை போட்டு, கையை விட்டு அடையை அறுப்பார்கள். புழு இருக்கும் அடையும் சேர்ந்தே வந்துவிடும். கூட்டம் அழிந்தும் போகும். எடுத்தவர்களுக்கு அது பெரிய நட்டமாகத் தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த கிணற்றில் வேறொரு கூட்டம் இருந்தது. இன்று ஆழ்துளைக் கிணறு நிலத்தடி நீரைக் கீழே இழுத்துவிட, வற்றிய திறந்தவெளிக் கிணறுகள் மண் மூடப்படுகின்றன. தேனீக்கு வீடு போனதில் இதற்கும் பங்குண்டு.

வேலியோரத்தில் இருந்தது கொம்புத் தேனீ. சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கிளையைச் சுற்றி ஒரே ஓர் அடைதான் கட்டும். கிளையைத் தழுவிய மேல்பகுதி தடித்து இருக்கும், தேன் அங்கேதான். கீழே தொங்கும் உள்ளங்கையளவு பகுதி முழுக்கப் புழுவும் கூட்டுப்புழுவும். அடைக்கு இரண்டு பக்கமும் கிளைமேல் பிசின் பூசி வைத்திருக்கும், எறும்பு தாண்டி வராமலிருக்க. தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டும். ஆடு மேய்க்கும் பிள்ளைகளில் பொறுமைசாலிகள் ஈயை ஊதி விலக்கி, மேல்பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு, கீழ்ப்பகுதியை இன்னொரு கொம்பில் வைத்துக் கட்டிவிட்டு வருவார்கள். இப்படிப் பங்கு விட்டு எடுக்கும் அறிவு எழுத்தில் ஏறாமல் கையோடு கை மாறி வந்தது. இன்று அந்த வேலியும் இல்லை, மேய்க்கப் போகும் பிள்ளைகளும் இல்லை.

மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கதை வேறு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு, தளிஞ்சி போன்ற குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கு வாழும் முதுவர், புலையர் உள்ளிட்ட பழங்குடியினருக்குத் தேன் ஒரு வருமானம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனைச் சிறு வனப்பொருளில் சேர்த்து, அதைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. அவர்கள் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் எடுக்கும் மலைத்தேனீயின் தேனுக்கும் சமவெளிக்கும் தொடர்பு உண்டு. மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம்பெயரும். கீழே பூ இருக்கும் மாதங்களில் இறங்கிவந்து தண்ணீர் டேங்க், மில் கட்டடம், ஆலமரம் என்று உயரமான இடத்தில் அடை வைக்கும். கம்பெனிச் சுவரில் அடையைக் கண்டதும் தீப்பந்தத்தைத் தேடுகிறோம். கொளுத்தப்படுவது மலையிலிருந்து வந்த ஒரு கூட்டம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

பெட்டி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1911க்கும் 1917க்கும் இடையில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன், இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துக் கிராமத்து மக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தென்னிந்தியாவில் இன்றும் அந்த நியூட்டன் பெட்டி புழக்கத்தில் இருக்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் அதை ஏழைக் குடும்பங்களின் துணைத் தொழிலாக்கினார். குமரி மாவட்டத்துக்காரர்கள் ரப்பர் தளிர்விடும் மாதங்களில் பெட்டிகளைக் கேரளத் தோட்டங்களுக்கு ஏற்றிச்சென்று தேனெடுக்கும் வித்தையைக் கற்றார்கள். பிறகு 1991–92இல் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவைத் தாக்கியது. புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகிச் செத்தன. பல இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் கூட்டங்கள் அழிந்தன. பிழைத்த கூட்டங்களிலிருந்து மீண்டும் பெருக்கித்தான் இன்றைய இந்தியத் தேனீ வளர்ப்பு நிற்கிறது. அந்த அழிவுக்குப் பிறகு பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். அது தேன் அதிகம் தரும், இரையும் அதிகம் கேட்கும். பூவைத் தேடி லாரியில் ஏற்றிக்கொண்டு அலைய ஆளும் பணமும் உள்ளவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

மார்த்தாண்டத்துக்கு ரப்பர் என்றால் உடுமலைக்குத் தென்னை. தோப்பில் தேனீ செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். நெட்டை மரத்தில் பாளை வெடித்ததும் முதலில் ஆண் பூக்கள் விரியும். ஆயிரக்கணக்கான பூக்கள், ஏறத்தாழ மூன்று வாரம். அவை உதிர்ந்து முடிந்த பிறகுதான் அடியிலிருக்கும் இருபது முப்பது பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். ஒவ்வொன்றும் தயாராக இருப்பது ஓரிரு நாள்தான். அதற்குள் தன் பாளையில் மகரந்தம் தீர்ந்திருக்கும். வேறொரு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். கொண்டுவருவது காற்றும் தேனீயும். அந்த ஓரிரு நாளில் பெண் பூவின் நுனியில் தேன் கசியும். அதைக் குடிக்க வரும் தேனீயின் மயிரில் பக்கத்துத் தோப்பின் மகரந்தம் ஒட்டியிருக்கும். காலை எட்டு மணிக்குப் பெட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்தால், பின்னங்கால்களில் வெளிர்மஞ்சள் உருண்டைகளோடு ஈக்கள் இறங்குவது தெரியும். குரும்பை உதிர்வதற்குத் தண்ணீர்க் குறைவு, ஊட்டக் குறைவு என்று பல காரணங்கள் இருக்கலாம். மகரந்தம் வந்து சேராததும் அதில் ஒன்று. மருந்துக்கும் உரத்துக்கும் கணக்கு எழுதும் தோப்புக்காரர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை.

ஆகவே தேன் எத்தனை கிலோ வந்தது என்று பெட்டியின் லாபத்தைக் கணக்கிடுவது இந்த ஊருக்குப் பொருந்தாது. சமவெளியில் ஓர் இந்தியத் தேனீக் கூட்டம் நல்ல வருடத்தில் தருவது சில கிலோ தேன். பெரிய வருமானம் குரும்பையிலும், பல்லடம், பொங்கலூர் பக்கத்துப் பந்தல் பாகற்காயிலும், தாராபுரம், மூலனூர் பக்கத்து முருங்கையிலும் இருக்கிறது. முருங்கைப் பூவில் தேனீயோடு சேர்ந்து பெரிய கருநிறத் தச்சு வண்டும் முக்கியமான வேலை செய்கிறது. அதற்குப் பெட்டி வைக்க முடியாது, துளைத்துக் குடியேறப் பட்டமரமும் உலர்ந்த கட்டையும் விட்டுவைத்தால் போதும்.

தென்னை வருடம் முழுக்கப் பூக்குமே, பிறகு ஏன் ஈ ஓடுகிறது? வருடத்தை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். தை, மாசியில் முருங்கை. கரிசலில் கொத்தமல்லி விதைத்திருந்தால் அதுவும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும், வைகாசியில் புளி. அதற்குப் பின்னால் ஆனியும் ஆடியும் வரும்போது பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்டதுபோல் காற்று அடிக்கும். பூளவாடி, குடிமங்கலம், தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் தேனீ வெளியே போவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்த மாவட்டத்தில் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆக ஆனி முதல் புரட்டாசி வரை தோப்புக்கு வெளியே பூ குறைவு, பறக்கவும் முடியாது. தென்னை மட்டும் அந்தச் சுமையைத் தாங்காது. சர்க்கரைப் பாகு வைத்தால் பெரிய ஈக்கள் உயிர் பிழைக்கும். ஆனால் புழுவை வளர்க்க மகரந்தம் வேண்டும், பாகில் அது கிடையாது. இரை தட்டும்போது வீட்டை விட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடுவது இந்தியத் தேனீயின் இயல்பு. தோட்டக்காரர் அதை நன்றிகெட்டதனமாக நினைத்துக்கொள்கிறார். பல்லாயிரம் ஆண்டுகளாக அது பிழைத்துவந்த வழியே அதுதான்.

இந்த வறண்ட மாதங்களில் முன்பு தேனீக்குச் சோறு போட்டது கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பகுதிகளின் மேய்ச்சல் நிலம் அது. ஊர்ப் பொதுநிலம் இல்லை, குடியானவரின் சொந்த நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், நான்கு புறமும் கிளுவை வேலி. காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் மனத்தில் வைத்துக் கட்டிய அமைப்பு என்றாலும் தேனீக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. மற்ற மரங்கள் ஓய்ந்த பிறகு, ஆடி தாண்டிக் கார்த்திகை வரையில் வெள்வேல் பூக்கும். கிளுவை வேலி முள்மதிலாக மட்டும் நிற்கவில்லை. கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, பிரண்டை என்று ஏறிப்படர்ந்த கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. அடியில் தும்பை. மைல் கணக்கில் நீண்ட பூந்தோட்டம் அது. யாரும் அதை அந்தப் பெயரில் அழைத்ததில்லை.

கிளுவை வேலிக்கு ஆள் வேண்டும். கோதிவிட வேண்டும், இடைவெளி விழுந்தால் போத்து நட வேண்டும், வளைத்துப் பின்ன வேண்டும். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரம் பக்கத்தில் இருக்கும்போது, காலையில் கம்பெனி வேன் ஊர் ஊராக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும்போது, முள் குத்திக்கொண்டு வேலி கோத யார் வருவார்கள்? வராததில் தவறொன்றும் இல்லை. திருப்பூரைச் சுற்றிய கிராமங்களை 1981–82 முதல் திரும்பத் திரும்ப ஆய்வு செய்த பொருளியல் அறிஞர் ஜூடித் ஹெயர், பண்ணையாள் முறை தளர்ந்து கூலித் தொழிலாளர்களின் பேரம் பேசும் பலம் கூடியதைப் பதிவு செய்திருக்கிறார். தோட்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டிருந்த அருந்ததியர் குடும்பங்களுக்கு நகரத்தின் வேலை ஒரு விடுதலை. பழைய வேலிகளுக்காக ஏங்குகிறவர்கள், அவை யாருடைய மலிவான உழைப்பில் நின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக வேலி போனதால் விளைந்ததைச் சொல்லாமல் விடவும் கூடாது. கிளுவை இருந்த இடத்தில் கல்லுக்காலும் கம்பியும் வந்தன. கம்பி பூக்காது.

பயிரிலும் இதே நடந்தது. பருத்தி எடுக்கவும் நிலக்கடலை பிடுங்கவும் கூட்டம் கூட்டமாக ஆள் வேண்டும். கருங்கண்ணியும் பிறகு கம்போடியா பருத்தியும் விளைந்த இந்தக் கரிசலில் பருத்தி சுருங்கிவிட்டது. திருப்பூரின் நூலுக்கான பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. பருத்தி தேனீக்கு வெறும் நன்மை செய்தது என்று சொல்லிவிட முடியாது. பூவிலும், இலையடியிலுள்ள சுரப்பியிலும் தேன் தந்த அதே பயிர்தான் அதிக மருந்தையும் வாங்கிக்கொண்டது. ஆள் குறைவாகக் கேட்கும் தென்னை பெருகியது தேனீக்கு நல்லதாயிற்று. ஆனால் மானாவாரியிலும் வாய்க்கால் பாசனத்திலும் பருத்தியும் சூரியகாந்தியும் இருந்த இடத்தைப் பெருமளவு பிடித்தது மக்காச்சோளம். பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகள் வாங்கிக்கொள்ளும், விதைத்தால் அறுவடைவரை அதிகம் பார்க்க வேண்டியதில்லை. மக்காச்சோளத்தின் ஆண் பூவில் மகரந்தம் உண்டு, ஒரு சொட்டுத் தேன் கிடையாது. அதுவும் சில நாட்களுக்கு மட்டும்.

களைதான் கண்ணுக்கே தெரியாமல் போன இழப்பு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொத்தால் களை வெட்டிய காலத்தில் காட்டுக்குள் சுத்தமாக இருக்கும், வரப்பில் தும்பையும் துத்தியும் நெருஞ்சியும் மூக்குத்திப்பூண்டும் நிற்கும். அவற்றை ஆடு மேயும், மிச்சம் பூக்கும். அந்தப் பெண்கள் இன்று செக்கிங், பேக்கிங் டேபிளில் நிற்கிறார்கள். மருந்துக்கடை களைக்கொல்லி வரப்பையும் சேர்த்துக் காய்ச்சிவிடுகிறது. வரப்பு சுத்தமாக இருந்தால் நல்ல பண்ணையக்காரர் என்று பெயர் வேறு. ஆனி, ஆடியில் தேனீயைத் தாங்கிய கடைசிப் பூக்கள் அந்தத் தும்பையும் நெருஞ்சியுமாகத்தான் இருந்தன.

இப்படி ஏற்கெனவே இளைத்துப்போன கூட்டத்தின்மேல்தான் மருந்து விழுகிறது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பிடித்தது. அதற்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் போன்ற மருந்துகள் தேனீக்குக் கடும் நஞ்சு. குருத்தில் அடிக்கும் மருந்து பூவுக்கு முன்பே முடிந்துவிடுகிறதே என்று கேட்கலாம். காற்றில் பறந்து வரப்புப் பூவில் படிவது, தாமதமாக அடிப்பது, நியோனிகோட்டினாய்டு வகை மருந்தில் விதைநேர்த்தி செய்த செடியின் இலைநுனியில் அதிகாலையில் துளிர்க்கும் நீரைத் தேனீ குடிப்பது என்று நஞ்சுக்கு வழிகள் பல. அந்த நீர்த்துளியில் தேனீயைக் கொல்லும் அளவு மருந்து இருக்கக்கூடும் என்பதை இத்தாலியில் மக்காச்சோளத்தை வைத்து நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. தண்ணீருக்கு வேறு இடம் இல்லாத வறண்ட மாதத்தில் இந்த ஆபத்து கூடும்.

சாயத்தண்ணியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கும் குளமானதும், நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்தக் கரையில் உப்பேறிய மண்ணில் பயிரே போனது. பயிரோடு பூவும் போனது. ஆனால் உடுமலையிலும் மூலனூரிலும் சாயத்தண்ணி எட்டிப்பார்த்ததில்லை. எட்டியது கம்பெனி வேன்.

அரசுப் பக்கம் முயற்சி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2020–21இல் தொடங்கிய தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் பெட்டி தருகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாதந்தோறும் ஒருநாள் பயிற்சி நடத்துகிறது. எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது முதல் ராணியை அடையாளம் காண்பது வரை அங்கே கற்றுக்கொள்ளலாம். எல்லாம் பெட்டிக்குள் நடப்பவை. இந்தியத் தேனீ இரை தேடுவது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 775 ஏக்கர். மானியத்தில் பெட்டி வாங்குபவரிடம் இருப்பது ஐந்து ஏக்கர். மீதி 770 ஏக்கரில் எது பூக்கிறது, எப்போது மருந்தடிக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சொல் கிடையாது. ஒருவர் எவ்வளவு நன்றாகப் பயிற்சி எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

775 ஏக்கரைப் பற்றி ஒன்றுகூடிப் பேசும் அமைப்பு இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் விடப்படுகிறது. தண்ணீர் திறந்த வாரத்தில் மண்டலம் முழுக்க விதைப்பு. அதனால் படைப்புழு மருந்தும் ஏறக்குறைய ஒரே வாரத்தில்தான். மடைமுறையை நாள், மணி வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாசன சபைகள், ஈ கூடடைந்த பிறகு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் மருந்து தெளிப்பது என்று ஒரு முறை வைத்துக்கொள்ள முடியும். வாய்க்கால் கரையிலும் பொது வரப்பிலும் களைக்கொல்லி அடிப்பதில்லை என்று தீர்மானம் போடவும் முடியும். தேனீ வளர்ப்பு மானியத்தில் ஒரு பகுதியாவது தனி ஆளுக்குப் பெட்டியாகப் போகாமல் இப்படி ஒரு சபைக்குக் கூட்டாகப் போக வேண்டும் என்பது என் வாதம். எறும்புக் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கவும் ஒரே ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் ஆள் பஞ்சமும் ஓரளவு தீரும்.

மரத்துக்கும் ஊரில் ஆள் இருக்கிறார்கள். 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் விவசாயிகளின் நிலத்தில் லட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டு வளர்த்திருக்கிறது. பின்னலாடைத் தொழிலின் பணமும் உழைப்பும் அதில் கலந்திருக்கின்றன. நிலம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தேக்கு, மகோகனி, செம்மரம் என்று விலை போகும் மரத்தைக் கேட்பது இயல்பு. அவற்றோடு ஏக்கருக்கு நான்கைந்து இலந்தையும் வெள்வேலும் சேர்த்து ஓரத்தில் நட வைத்தால் ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவிலுள்ள பள்ளம் கொஞ்சம் தூரும். கொறங்காட்டில் வெள்வேல் இன்னும் நிற்கும் இடங்களில் செலவும் இல்லை. வீட்டுமனை ‘சைட்’ போடும்போதும் சோலார் பேனலுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதும் வேலியோர மரங்களை வெட்டக் கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.